காயவைத்த நிலக்கரி

ஜூன் 4

அன்புள்ள கொழுந்தனுக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீ அனுப்பிய பெட்டி மட்டும் நலமில்லை.

சுரங்கத்திலிருந்து மாதிரிக் கரி கொண்டுவரும் வண்டி எங்கள் நிலைய வாசலில் வந்து நின்றபோதே பின்பக்கம் சொட்டிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் பெட்டியை இறக்கி, வரவேற்பறையில் புதிதாக விரித்த கம்பளத்தின் நட்டநடுவில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். எங்கள் இயக்குநர் தன் பணிக்காலத்தில் இந்த நிலையத்துக்குப் பெற்றுத் தந்தவற்றில் அந்தக் கம்பளம் முக்கியமானது. இப்போது அதன் நடுவில் ஒரு கறுப்புக் குளம். "இது ஆராய்ச்சி நிலையமா, கரி மண்டியா?" என்று என்னைக் கேட்டார். நிலக்கரியை உடைத்துப் பார்ப்பதுதான் இங்கே என் வேலை என்பதால் எனக்குப் பதில் தெரிந்திருந்தது. சொல்லவில்லை.

பெட்டிக்குள் வைத்திருந்த உன் கடிதமும் ஊறிப்போயிருந்தது. அடுப்பருகே காயவைத்துப் படித்தேன். தொடக்கத்தில் "அண்ணி, இங்கே" என்பதும் கடைசியில் "அதனால் கவலைப்பட வேண்டாம்" என்பதும் தெரிகின்றன. எதனால் என்று தெரியாததால் அன்றிலிருந்து கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

வேறு மாதிரிகள் அனுப்பு. உங்கள் மேலாளர் கேட்டிருப்பது எளிய கேள்விதான். கரியை வெட்டி எடுத்தபின், கூரையைத் தாங்குவதற்காக இடையிடையே கரியையே தூண்களாக விட்டுவைத்திருக்கிறீர்கள் அல்லவா, அந்தத் தூண்களின் பக்கங்களில் இன்னும் ஒரு முழம் செதுக்கிக்கொள்ளலாமா என்று கேட்கிறார். கரி எவ்வளவு சுமை தாங்கும் என்று நான் சொன்னால் அவர் செதுக்குவார். அந்தத் தூண்களுக்கு நடுவே தினமும் நிற்கிறவன் நீ என்பதால் விடையில் எனக்கும் கொஞ்சம் அக்கறை உண்டு. கட்டிகள் பெரிதாக இருக்கட்டும். பெட்டி ஒழுகக் கூடாது. இன்னொரு முறை ஒழுகினால் கம்பளத்துக்குப் பதில் என்னை விரித்துவிடுவார்கள்.

உன் அண்ணன் விஷயம். நீ பம்ப் கடையை விட்டுவிட்டுச் சுரங்க வேலைக்குப் போன நாளிலிருந்து உன்னைத் திட்டிக்கொண்டிருந்தார். சாப்பிடும்போது, குளிக்கும்போது, ஒரு முறை தூக்கத்தில். போன மாதத்திலிருந்து திட்டுவதில்லை. உன் பேச்சையே எடுப்பதில்லை. "அண்ணன் தம்பி பம்ப் பழுது நிலையம்" என்ற பலகையில் தம்பியின் மேல் மட்டும் ஒரு மோட்டார் எண்ணெய் விளம்பரத்தை ஒட்டிவிட்டார். வீடு அமைதியாக இருக்கிறது. ஆறிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

அன்புடன்,
அண்ணி


ஜூன் 12

அண்ணிக்கு வணக்கம்.

கம்பளத்துக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். அழிந்துபோன பகுதியில் நான் எழுதியிருந்தது இதுதான்: மெஸ் சாப்பாட்டை வாயில் வைக்க முடியவில்லை, ஆனாலும் எடை கூடியிருக்கிறது, அதனால் கவலைப்பட வேண்டாம்.

பெட்டி ஏன் ஒழுகியது என்றால், நான் பொறுப்பில் இருக்கும் பகுதியே ஒழுகுகிறது. எங்களுக்கு மேலே எப்போதோ கைவிட்ட பழைய சுரங்கம் ஒன்று தண்ணீரை நிரப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கூரை வழியாகக் கசிகிறது. ஒரு பம்ப் ராப்பகலாக இறைக்கிறது. அதன் சத்தத்தைக் கேட்டாலே உள்ளே எந்த உதிரி தேய்ந்திருக்கிறது என்று எனக்குத் தெரிகிறது. கடையில் பட்ட அடி வீண்போகவில்லை. அண்ணன் மட்டும் இந்த பம்பைப் பார்த்தால் பரிதாபப்பட்டு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்.

இங்கே வயதான தொழிலாளி ஒருவர் இருக்கிறார். எல்லாரும் அவரைக் "காது" என்று கூப்பிடுகிறோம். தூண் உடைவதற்கு முன்னால் பேசும் என்பார். டக் என்று ஒரு சத்தம், பிறகு படக், பிறகு பக்கவாட்டில் கொஞ்சம் உதிரும். காது நின்று கேட்பார். "பேசுனா கவனமா இரு தம்பி. பேச்சு ஜாஸ்தியானா ஓடு. பேசலைன்னா தூங்குதுன்னு அர்த்தம், நீயும் நிம்மதியா வேலையப் பாரு" என்பார். ஆட்கள் மேலாளரின் சுற்றறிக்கையைவிட இதை நம்புகிறார்கள். சுற்றறிக்கையை அவர்கள் படித்ததில்லை என்பதும் ஒரு காரணம்.

புதிய பெட்டியை இதோடு அனுப்புகிறேன். ஒரு சொட்டு ஒழுகாது. எப்படி என்று கேட்காதீர்கள், தொழில் ரகசியம். உங்களுக்காகக் கொஞ்சம் மெனக்கெட்டேன் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

ஒரு சந்தேகம். பலகைமேல் அந்த விளம்பரத்தை அண்ணன் பசை போட்டு ஒட்டினாரா, ஆணி அடித்தாரா? பசை என்றால் எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

உங்கள் கொழுந்தன்


ஜூன் 27

அன்புள்ள கொழுந்தனுக்கு,

பசைதான்.

பெட்டி வந்து சேர்ந்தது. எலும்பு போலக் காய்ந்திருந்தது. இயக்குநர் நேரில் வந்து அடியில் கைவைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, "இப்படித்தாம்மா இருக்கணும்" என்று தலையாட்டினார். உன்னை நினைத்துப் பெருமையாக இருந்தது.

கட்டிகளைச் சின்னச் சின்ன உருளைகளாக வெட்டி அழுத்தும் இயந்திரமான அழுத்தியில் வைத்து நசுக்கினேன். உன் கரி பிரமாதம். நான் எதிர்பார்த்ததைவிட நிறையத் தாங்குகிறது. உங்கள் காதுக்கு இங்கே ஒரு சகோதரன் இருக்கிறான். உருளையின் பக்கத்தில் ஒட்டிவைத்தால் உள்ளே விழும் மயிரிழை விரிசலைக்கூடக் கேட்டு எண்ணிச் சொல்லும் கருவி. உன் கரி உடைவதற்கு வெகு முன்பே பேசத் தொடங்கி, பேருந்தில் சில்லறை கேட்டவர் மாதிரி கடைசிவரை சத்தம் போட்டுவிட்டுத்தான் உடைந்தது. பெரியவர் சொல்வது சரியென்று அவரிடம் சொல்.

படிவத்தில் "ஈரம்" என்று ஒரு கட்டம் உண்டு. அதில் நாங்கள் எப்போதும் "வந்தபடியே" என்று எழுதுவோம். எப்படி வந்தது என்று கேட்கப் படிவத்தில் இடமில்லை. அறிக்கையை அனுப்பியாயிற்று. செதுக்கலாம் என்று எழுதியிருக்கிறேன். இயக்குநர் கையெழுத்துப் போட்டுவிட்டு, உங்கள் மேலாளர் நன்றிக் கடிதம் அனுப்புவார், அதைச் சட்டம் போட்டு மாட்டலாம் என்றார்.

உன் அண்ணனிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். பதில் சொல்லாமல் ஒரு வால்வைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த வால்வை அதற்கு முந்தைய நாளே துடைத்திருந்தார். முன்பெல்லாம் உன் பெயரை எடுத்தால் குறைந்தது "அவன் பேச்சை எடுக்காதே" என்றாவது சொல்வார். இப்போது அதுவும் இல்லை. இதை முன்னேற்றம் என்று கணக்கில் எழுதுவதா என்று யோசிக்கிறேன்.

சாப்பிடு. எடை கூடுவது உடம்பா வீக்கமா என்று மருத்துவரிடம் காட்டு.

அண்ணி


ஜூலை 19

அண்ணிக்கு வணக்கம்.

நல்ல செய்திகளாகவே எழுதப்போகிறேன், உட்கார்ந்து படியுங்கள்.

உங்கள் அறிக்கை வந்த அன்றே செதுக்க ஆரம்பித்துவிட்டோம். தூண்கள் இளைத்துவிட்டன, சம்பந்தி வீட்டார் பார்த்தால் பெண் கொடுக்க யோசிப்பார்கள். ஆனால் கரி நிறைய வருகிறது. மேலாளர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். அவருக்குப் பற்கள் இருப்பதே இப்போதுதான் தெரிந்தது.

செதுக்கினால் தூண்களின் பேச்சு கூடும் என்று பயந்தேன். நடந்தது நேர்மாறு. பம்ப் திணறுவதால் தண்ணீர் கணுக்கால்வரை நிற்கிறது, தூண்களின் அடிப்பகுதி எப்போதும் நனைந்தபடி இருக்கிறது, ஆனால் சத்தம் சுத்தமாக நின்றுவிட்டது. ஒரு டக் கிடையாது. காது ஒவ்வொரு தூணாகப் போய்க் கேட்டுவிட்டு, "நல்லாத் தூங்குது" என்றார். தூண் சத்தங்களைக் குறித்துவைக்கும் வழக்கம் இங்கே உண்டு. பாதுகாப்பு வாரத்தில் எல்லாப் பகுதிகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, சத்தமே இல்லாத பகுதி என்று எங்களுக்குச் சுழற்கேடயம் கொடுத்தார்கள். மேலாளர் மேடையில், "அமைதியே பாதுகாப்பு" என்றார். கேடயம் பித்தளை. என்னோடு நின்று படம் எடுத்துக்கொண்டபின் அவர் அறைக்கே திரும்பப் போய்விட்டது.

இந்த வெற்றியில் உங்களுக்குப் பாதிப் பங்கு உண்டு என்பதால் தொழில் ரகசியத்தை இப்போது சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஒழுகக் கூடாது என்றீர்களா, தலைவிளக்குகளை வைக்கும் அறையில் ஒரு கணப்பு அடுப்பு இருக்கிறது. கட்டிகளை அதன்மேல் வரிசையாக அடுக்கி, ஒரு வாரம் திருப்பித் திருப்பிப் போட்டுக் காயவைத்தேன். எங்கள் ஆட்கள், "அண்ணிக்கு என்ன வத்தலா அனுப்புறே?" என்று கேலி செய்தார்கள். அப்புறம் துணியால் துடைத்து, காகிதத்தில் சுற்றி அனுப்பினேன். இத்தனை அருமையாக யாராவது கரி அனுப்பியிருக்கிறார்களா?

அண்ணன் திட்டாமல் இருப்பது எனக்கும் பழகவில்லை. ஒரு வார்த்தை திட்டி எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் கொழுந்தன்


ஜூலை 23

தம்பி,

இதைப் படித்து முடிக்கும் முன்பே உன் ஆட்களை அந்தப் பகுதியிலிருந்து வெளியே கூட்டி வந்துவிடு. பிறகு மிச்சத்தைப் படி.

உன் கடிதம் வந்ததும் மேலாளர் அறைத் தொலைபேசிக்கு அழைத்தேன். எடுத்தவர், "குடும்ப விஷயமெல்லாம் ஞாயித்துக்கிழமை பேசுங்கம்மா" என்று வைத்துவிட்டார். மறுபடி அழைத்தேன். இது குடும்ப விஷயம் அல்ல என்றேன். அப்படியானால் நிலையத்தின் வழியாக எழுத்தில் வரவேண்டும் என்றார். ஆகவே ஓட்டுநரின் கையில் இதைக் கொடுத்து, வழியில் எங்கேயும் டீ குடிக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

நீ ஆசையாகக் காயவைத்த கரியில் சில உருளைகள் மிச்சம் இருந்தன. அவற்றைத் தண்ணீரில் ஊறப்போட்டேன். ஊறியதை அழுத்தியில் வைத்தேன். காய்ந்தது தாங்கியதில் பாதியைச் சற்றுத் தாண்டியதும் உடைந்துவிட்டது. அது கெட்ட செய்தியில் சின்னது. அடுத்ததன்மேல் அதைவிடக் குறைவாக, காய்ந்தது அலட்டிக்கொள்ளாமல் நாள் முழுக்கத் தாங்கிய சுமையை ஏற்றி, அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது சேறாக உட்கார்ந்திருந்தது. தண்ணீர் மட்டும் என்றால் கரி பொறுத்துக்கொள்ளும். சுமை மட்டும் என்றாலும் பொறுத்துக்கொள்ளும். சுமை விரிசலைத் திறந்துவைக்க, தண்ணீர் அதற்குள் போய் உட்கார்ந்து இளக்க, இளகிய இடத்தில் சுமை இன்னும் இறங்க, இப்படி இரண்டும் ஒன்றுக்கொன்று உதவி செய்துகொள்கின்றன. நீங்கள் தூணை இளைக்க வைத்துச் சுமையைக் கூட்டியிருக்கிறீர்கள். கசிவு தண்ணீரைப் பார்த்துக்கொள்கிறது.

பெரிய செய்தி இது. ஊறிய கரி உடையும்போது எங்கள் கருவி ஏறக்குறைய ஒன்றுமே கேட்கவில்லை. ஒயர் கழன்றுவிட்டதோ என்று பார்த்தேன், கழலவில்லை. காய்ந்த கரி முறியும், அதனால் சத்தம் வரும். நனைந்த கரி வழுக்கிக்கொண்டு நழுவும். உங்கள் தூண்கள் தூங்கவில்லை. காதிடம் இதைச் சொல். நீங்கள் கேடயம் வாங்கியது எதற்கு என்று இப்போது தெரிகிறதா?

உன்னைத் திட்ட வாய் வரவில்லை. ஒழுகக் கூடாது என்றவள் நான். காய்ந்த பெட்டியை இயக்குநர் தடவிப் பார்த்தபோது பெருமைப்பட்டவளும் நான். முதல் பெட்டி ஒழுகியபோதே அது தன் விஷயத்தைச் சொல்லிவிட்டது. நான் அதைக் கம்பளத்தோடு சேர்த்துத் துடைத்துவிட்டேன்.

சத்தம் வரட்டும் என்று காத்திருக்காதே. வராது.

அண்ணி


ஜூலை 24

அண்ணி,

ஆட்கள் வெளியே இருக்கிறார்கள். எப்படி என்பதைத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனேன்.

"யாரு சொன்னது இதெல்லாம்?"

"ஆராய்ச்சி நிலையத்திலேருந்து, சார்."

"நிலையத்தோட அறிக்கை இதோ என் மேசையில இருக்கு. செதுக்கலாம்னு சொல்லுது. இது யாரோட கடிதம்?"

"அந்த அறிக்கைய எழுதுனவங்கதான் சார். எங்க அண்ணி."

"அண்ணி சொன்னாங்கன்னு நான் ஒரு பகுதிய மூடினா, நாளைக்கு என் மாமியார் சொன்னாங்கன்னு ஒரு பகுதியத் திறக்கணும். கையெழுத்து, முத்திரையோட வரட்டும், பார்க்கலாம்."

அவர் பின்னால் அலமாரியில் கேடயம் பளபளத்தது.

அப்புறம் காதிடம் போனேன். கோபம் வந்துவிட்டது அவருக்கு. "இந்தக் காது பொய் சொன்னதில்ல தம்பி."

"காது பொய் சொல்லல. தூண்தான் எதுவும் சொல்லல" என்றேன்.

என்னைப் பார்த்து முறைத்துவிட்டு உள்ளே போனார். தண்ணீருக்குக் கீழே கையை விட்டு, தூணின் அடியை நகத்தால் சுரண்டிப் பார்த்திருக்கிறார். திரும்பி வந்து கையை நீட்டினார். நகக்கண்ணில் கறுப்புக் களி. கையை உதறித் துடைத்தார். பிறகு, "ஆளுங்கள எப்படி வெளிய எடுக்கப் போறே?" என்று மட்டும் கேட்டார்.

இங்கே ஒரு விதி இருக்கிறது. தண்ணீர் முழங்காலைத் தொட்டால் யாரையும் கேட்காமல் பகுதியைக் காலி செய்யலாம். ஆகவே பம்ப் நிற்க வேண்டும். ஆனால் நிறுத்தினால் யாராவது வந்து போட்டுவிடுவார்கள். நான் பம்பின் வயிற்றைத் திறந்து, சுற்றும் சக்கரத்தைத் தண்டோடு பூட்டிவைக்கும் சாவியை எடுத்துவிட்டேன். உங்களுக்குத் தெரியும், நகத்தளவு இரும்புத் துண்டு. அது இல்லாவிட்டால் தண்டு மட்டும் சுற்றும், சக்கரம் சும்மா இருக்கும். மோட்டார் நன்றாகவே ஓடுகிறது. தண்ணீர் மட்டும் ஏறவில்லை. ஃபிட்டர்கள் மோட்டாரைப் பிரித்துப் பிரித்துப் பூட்டினார்கள், பம்பின் வயிற்றைத் திறக்க யாருக்கும் தோன்றவில்லை. தண்ணீர் முழங்காலைத் தொட்டதும் எல்லாரையும் மேலே அனுப்பிவிட்டேன்.

தண்ணீர் ஏறுவது தூண்களுக்கு நல்லதல்ல என்று தெரியும். தூணா ஆளா என்று வந்தபோது வேறு வழி தெரியவில்லை.

சாவியை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். இங்கே இருந்தால் மனசு மாறிவிடும் அல்லது மாட்டிக்கொள்வேன். தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மெக்கானிக் வருகிறாராம். அவர் கெட்டிக்காரர் என்று எல்லாரும் சொல்கிறார்கள், அதுதான் பயம். அவர் கண்டுபிடித்து, தண்ணீரை இறைத்து, ஆட்களை உள்ளே அனுப்புவதற்குள் உங்கள் கையெழுத்தும் முத்திரையும் வர வேண்டும்.

அண்ணனுக்குத் தெரிய வேண்டாம். பம்பைக் கெடுத்தேன் என்று தெரிந்தால் இந்த ஜென்மத்தில் பேசமாட்டார்.

கொழுந்தன்


ஜூலை 27

தம்பி,

திருத்திய அறிக்கை இந்த வண்டியிலேயே வருகிறது. ஒரு பிரதி உங்கள் மேலாளருக்கு, ஒரு பிரதி சுரங்கப் பாதுகாப்பு ஆய்வாளருக்கு. கையெழுத்து என்னுடையது மட்டும்தான். காரணம் சொல்கிறேன்.

இயக்குநரிடம் போய், அறிக்கை தவறு என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தப்புன்னு ஏம்மா சொல்றே? காய்ஞ்ச நிலக்கரி தாங்கும்னு சொன்னோம். தாங்குச்சு. அப்புறம் அது நனைஞ்சுபோச்சுன்னா அது நிலக்கரியோட தப்பு."

"அது முன்னாடியே நனைஞ்சுதான் சார் இருந்துச்சு. நம்ம கம்பளத்துக்காகத்தான் காயவச்சு அனுப்பியிருக்காங்க."

கம்பளம் என்றதும் கொஞ்சம் இளகினார். ஆனால் திருத்தம் என்ற சொல்லை இந்த நிலையம் பயன்படுத்துவதில்லையாம். "துணை விளக்கம்" என்று போடலாம், அதைக் குழு பார்க்க வேண்டும், குழு செப்டம்பரில் கூடும் என்றார். செப்டம்பரில் தூண்கள் இருக்காது என்றேன். அப்படியானால் விளக்கத்துக்குத் தேவையே இருக்காதே என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை. யோசித்துத்தான் சொன்னார்.

ஆகவே என் பெயரில், என் கையெழுத்தில், நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பிவிட்டேன். திங்கள்கிழமையிலிருந்து எனக்கு ஓடு, செங்கல் சோதிக்கும் பிரிவுக்கு மாற்றல். இடம் காற்றோட்டமாக இருக்கிறது. கவலைப்பட வேண்டாம் என்று நானும் எழுதிக்கொள்கிறேன்.

இப்போது முக்கியமான செய்தி. சாவியை மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் உன் அண்ணன் அதைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருக்கிறார்.

"இது எங்கேருந்து வந்துச்சு?"

உன் விஷயத்தில் மாதக்கணக்கில் அவர் வாயைத் திறந்தது இதுதான். வேறு யார் எடுத்திருந்தாலும் ஓரம் நசுங்கியிருக்கும், இவ்வளவு சுத்தமாக எடுக்கிறவன் ஒருத்தன்தான் என்றார். மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். தூண், தண்ணீர், சத்தம் வராதது, மெக்கானிக் வரப்போவது, எல்லாம். நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்தார். பிறகு ஆரம்பித்தார். அம்மாடி, என்ன திட்டு. உன்னை, உன் மேலாளரை, அந்தப் பம்பைச் செய்தவனை, உன்னைச் சுரங்கத்துக்குப் போக விட்ட என்னை. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி ஊருக்கு வந்திருக்காரா?" என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் பேசாமல் இருந்ததை ஆறிவிட்டார் என்று உனக்கு எழுதியவள் நான். ஊறிய கரியை நசுக்கிப் பார்த்த பிறகும் இந்த ஒன்று மட்டும் என் மண்டையில் ஏறவில்லை.

திட்டிக்கொண்டே கடைக்குப் போனார். திட்டிக்கொண்டே ஒரு லாரியைப் பேசி, கடையில் இருப்பதிலேயே பெரிய பம்பை ஏற்றினார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டார். கிளம்பும் முன் ஏணி வைத்து ஏறி அந்த விளம்பரத்தைப் பிய்த்தார். பாதிதான் வந்தது. மீதியைத் தண்ணீர் தெளித்து ஊறவைத்துச் சுரண்டும்படி என்னிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

வந்து சேர்ந்தால் உடனே எழுது. சத்தமாக இருக்கிறாரா என்று எழுது.

அண்ணி


ஜூலை 29

அண்ணி,

அண்ணன் வந்துசேர்ந்தார். சத்தமாக இருந்தார். அதனால்தான் இந்தக் கடிதத்தில் யாருக்கும் அனுதாபம் தெரிவிக்க வேண்டியிருக்கவில்லை.

காலையில் தலைமை அலுவலக மெக்கானிக் வந்துவிட்டார். நிஜமாகவே கெட்டிக்காரர். மோட்டார் ஓடுகிறது, தண்ணீர்தான் ஏறவில்லை என்று ஃபிட்டர்கள் சொன்னதைக் கேட்டதுமே, "கோளாறு மோட்டார்ல இல்ல, பம்போட வயித்துல" என்றார். உங்கள் அறிக்கை வந்திருந்தது. அதில் நிலையத்தின் முத்திரை இல்லை என்று மேலாளர் அதன்மேல் பேப்பர் வெயிட்டை வைத்திருந்தார். மெக்கானிக்கும் இரண்டு ஃபிட்டர்களும் விளக்கை மாட்டிக்கொண்டு சுரங்க வாயிலில் நின்றார்கள். உள்ளே போகக் கூடாது என்று நான் குறுக்கே நின்றேன். என்னைக் காவலாளி ஓரமாகப் பிடித்து நிறுத்தினார். காதும் குறுக்கே வந்தார். அவரையும் நிறுத்தினார்கள்.

அந்த நேரத்தில் லாரி வந்தது. அண்ணன் இறங்கி நேராக வந்து, சாவியை எடுத்து உயர்த்திக் காட்டினார். "உள்ள போய் எதையும் தேட வேண்டாம். நீங்க தேடுறது இது. எடுத்தது என் தம்பி" என்றார்.

என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்று நினைத்தேன். மேலாளரும் அப்படித்தான் நினைத்தார். அதைக் கொடுங்கள், மாட்டிவிட்டு வரட்டும் என்று கையை நீட்டினார். அண்ணன் கொடுக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"அறிவிருக்காடா உனக்கு? சாவியில்லாம ஓடவிட்டா தண்டு தேயும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? இதுக்காடா உனக்குத் தொழில் கத்துக்கொடுத்தேன்?"

அங்கிருந்து ஆரம்பித்தவர் என் சின்ன வயதுக்குப் போனார். நான் உடைத்த வால்வுகளை வரிசையாகச் சொன்னார். மெக்கானிக் நகரப் பார்த்தபோது அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, "நீங்களே சொல்லுங்க, இவன் செஞ்சது நியாயமா?" என்று கேட்டார். அவர் பதில் சொல்ல வாயைத் திறந்ததும், அதுவும் தப்பு என்று அவரையும் திட்டினார். மேலாளர், "ஐயா, போதும்" என்றார். அண்ணன் அவருடைய அலுவலகக் குழாய்களின் இணைப்பைப் பற்றி ஆரம்பித்தார். சுற்றி ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. யாராலும் நடுவில் ஒரு வார்த்தை நுழைக்க முடியவில்லை.

அப்போது சுரங்க வாயிலிலிருந்து ஒரு காற்று வந்தது. பெரிய வீட்டில் எங்கேயோ ஒரு கதவைச் சாத்தினால் வருமே, அப்படி. மெக்கானிக்கின் தொப்பி பறந்தது. அதற்குப் பிறகுதான் தரைக்கடியிலிருந்து சத்தம் வந்தது. முன்கூட்டி ஒரு டக் இல்லை. எங்கள் பகுதி முழுக்க உட்கார்ந்துவிட்டது, அண்ணி. பம்ப் இருந்த இடம், நான் தினமும் நின்று சாப்பிட்ட இடம், எல்லாம்.

காது தரையில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் தன் காதைத் தடவிக்கொண்டிருந்தார். மெக்கானிக் அண்ணனைப் பார்த்தார், வாயிலைப் பார்த்தார், மறுபடி அண்ணனைப் பார்த்தார்.

நான் பக்கத்தில் போய், "தண்டு தேயறதுக்காகவா இவ்வளவு திட்டு?" என்று கேட்டேன்.

"நான் மூச்சு விட்டா அவங்க உள்ள போயிடுவாங்கடா" என்றார். "அதான் நிறுத்தல."

பாதுகாப்பு ஆய்வாளர் மதியம் வந்து எல்லாவற்றையும் மூடச் சொல்லிவிட்டார். அண்ணன் ஏற்றி வந்த பம்ப் லாரியிலேயே இருக்கிறது. பம்பைக் கெடுத்ததற்காக என்மேல் விசாரணை உண்டு. மெக்கானிக் தானாகவே வந்து எனக்குச் சாட்சி சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். கேடயம் பத்திரமாக இருக்கிறது. அது மேலாளர் அறையில் அல்லவா இருந்தது. உங்கள் அறிக்கைமேல் இருந்த பேப்பர் வெயிட்டை எடுத்துவிட்டார்கள்.

அண்ணன் அதற்குப் பிறகும் விடவில்லை. என் அறைக்கு வந்து, படுக்கையை, சாப்பாட்டை, என் எடையை, எல்லாவற்றையும் திட்டினார். நான் வெளியே திண்ணையில் இந்தக் கடிதத்தைத் தொடங்கும்போது உள்ளே கட்டிலில் உட்கார்ந்து மெஸ்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார். பாதி எழுதும்போது திடீரென்று சத்தம் நின்றுவிட்டது. பேனாவைப் போட்டுவிட்டு ஓடிப் போய்ப் பார்த்தேன்.

குறட்டை விடுகிறார். சாவி இன்னும் கையில் இருக்கிறது. கூரை அதிருகிற குறட்டை. கேட்டுக்கொண்டே எழுதி முடிக்கிறேன்.

உங்கள் கொழுந்தன்